நிகழ்பட ஆட்டங்களில் தனிமையும் அகத்தேடலும்

வீடியோ கேம் என்று பேச்சில் வழங்கும் நிகழ்பட ஆட்டங்கள் பெரும்பாலும் வேகம், போட்டி, துப்பாக்கி, வெற்றி ஆகியவற்றோடு சேர்த்தே எண்ணப்படுகின்றன. விற்பனையில் முன்னிற்கும் ஆட்டங்கள் பல அப்படிப்பட்டவை என்பதும் உண்மையே. ஆயினும் 2000ஆம் ஆண்டுக்குப் பின் வேறொரு போக்கும் வளர்ந்து வந்துள்ளது. காட்டோரம் குடிசை கட்டி ஓராண்டு வாழ்வது, பாலைவனத்தைக் கடந்து ஒரு மலையை நோக்கி நடப்பது, நோயுற்ற குழந்தையின் கட்டிலருகே இரவு முழுதும் விழித்திருப்பது ஆகியவையும் இன்று ஆட்டங்களாக வந்துள்ளன. இவற்றில் ஆடுபவர் தனியாக விடப்படுகிறார். மெதுவாக நடக்கவும், சும்மா நிற்கவும், வாழ்வையும் இறப்பையும் இறைவனையும் பற்றி எண்ணவும் அவருக்கு நேரம் கிடைக்கிறது.

இத்தகைய ஆட்டங்களில் கடவுள் உருவங்களோ மதச் சின்னங்களோ அதிகம் இருப்பதில்லை. ஆட்டத்தின் விதிகளே அந்த மனநிலையை உண்டாக்குகின்றன. எதைச் செய்ய ஆட்டம் இடம் தருகிறது, எதைச் செய்ய விடாமல் தடுக்கிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். வால்டன், ஜர்னி, தட் டிராகன் கேன்சர் என்ற மூன்று ஆட்டங்கள் இக்கட்டுரையில் சற்று விரிவாகவும், வேறு சில சுருக்கமாகவும் விளக்கப்படுகின்றன.

பரமபதமும் பாம்பும் ஏணியும்

விளையாட்டின் வழியாக ஆன்மிகம் பேசுவது தமிழருக்குப் புதிதன்று. வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிப்பதற்காக வீடுகளில் ஆடப்படும் பரமபத சோபன படம் இதற்குத் தக்க சான்று. தாயக்கட்டையையோ சோழியையோ உருட்டி, கட்டம் கட்டமாக நகர்ந்து, நற்குணங்களைக் குறிக்கும் ஏணிகளில் ஏறி, தீய குணங்களைக் குறிக்கும் பாம்புகளால் இறங்கி, முடிவில் உச்சியிலுள்ள பரமபதத்தை அடைய வேண்டும். இதே வகையைச் சேர்ந்த ஞான சௌபர் என்ற ஆட்டம் வட இந்தியச் சமணரிடையே வழங்கி வந்தது. இந்த ஆட்டம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்று, காலப்போக்கில் குழந்தைகளுக்கான பாம்பும் ஏணியும் ஆட்டமாக மாறியது. ஏறுவதும் இறங்குவதும் அப்படியே இருந்தன. உச்சியில் இருந்த வைகுண்டம் மட்டும் 100 என்ற எண்ணாகிவிட்டது.

பரமபதத்தில் கவனிக்க வேண்டிய இன்னொரு செய்தி உண்டு. சதுரங்கம் போல இதில் திறமைக்கு இடமே இல்லை. காய் எங்கே போகும் என்பதை விழும் எண்ணே தீர்மானிக்கிறது. பரமபதத்துக்கு இரண்டு கட்டம் முன்னால் நிற்பவரும் பாம்பின் வாயில் விழுந்து அடிக்கு வந்துவிடலாம். மனிதன் தன் முயற்சியால் மட்டுமே கரையேற முடியாது என்ற கருத்தை யாரும் அங்கே உபதேசிப்பதில்லை. உருட்டிய கை அதைத் தானே அறிந்துகொள்கிறது. நிகழ்பட ஆட்டங்கள் செய்வதும் ஏறக்குறைய இதுதான்.

நெதர்லாந்து வரலாற்றாசிரியர் யோஹான் ஹூசிங்கா 1938இல் வெளியிட்ட ஹோமோ லூடன்ஸ் என்ற நூலில், ஆடுகளத்துக்கும் கோயிலுக்கும் உள்ள ஒற்றுமையைச் சுட்டிக்காட்டினார். இரண்டும் அன்றாட உலகிலிருந்து எல்லை கட்டிப் பிரிக்கப்பட்ட இடங்கள். இரண்டிலும் உள்ளே நுழைந்தவர் தனி விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறார். இறைவனின் செயலையே திருவிளையாடல் என்றும் லீலை என்றும் சொல்லிப் பழகிய மரபில் வந்தவர்களுக்கு இக்கருத்து வியப்பளிக்காது.

பின்னணியாக வரும் கோயில்கள்

கோயில், தேவாலயம், தெய்வம் ஆகியவற்றைக் காட்டும் ஆட்டங்கள் எல்லாம் அகத்தேடலுக்கு இடம் தருவன என்று கொள்ளக் கூடாது. 2006இல் வெளியான ரெசிஸ்டன்ஸ்: ஃபால் ஆஃப் மேன் என்ற ஆட்டத்தில், இங்கிலாந்தின் மான்செஸ்டர் பேராலயத்தின் உட்புறம் துப்பாக்கிச் சண்டைக்கான களமாகக் காட்டப்பட்டது. மறு ஆண்டு இங்கிலாந்துத் திருச்சபை இதற்குக் கடும் எதிர்ப்புத் தெரிவிக்க, சோனி நிறுவனம் வருத்தம் தெரிவித்தது. கட்டடம் தத்ரூபமாகவே வரையப்பட்டிருந்தது. ஆனால் அங்கே ஆடுபவருக்குச் சுடுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

இதற்கு நேர்மாறான ஒரு செய்தியும் உண்டு. பண்டைய எகிப்தைக் களமாகக் கொண்ட அசாசின்ஸ் கிரீட்: ஆரிஜின்ஸ் என்ற சண்டை ஆட்டத்துக்கு, 2018இல் சண்டையே இல்லாத ஒரு பதிப்பு வெளியிடப்பட்டது. அதே நைல் நதி, அதே பிரமிடுகள், அதே கோயில்கள். ஆனால் வாளுக்கு வேலை இல்லை. வகுப்பறைப் பயன்பாட்டையும் கருதி உருவான இப்பதிப்பில் ஆடுபவர் சுற்றிப் பார்க்கும் பயணியாகிறார். விதி மாறினால் அதே நிலப்பரப்பு வேறோர் இடமாகிவிடுகிறது.

வால்டன்: குடிசையில் ஓராண்டு

அமெரிக்க எழுத்தாளர் ஹென்றி டேவிட் தோரோ 1845 ஜூலை 4 அன்று, மாசச்சூசெட்ஸ் மாநிலத்தின் கான்கார்ட் ஊருக்கு அருகிலுள்ள வால்டன் ஏரிக்கரையில் குடியேறினார். அப்போது அவருக்கு வயது 27. நிலம் அவருடைய நண்பர் எமர்சனுக்குச் சொந்தமானது. 10 அடிக்கு 15 அடி அளவுள்ள குடிசையைத் தாமே கட்டிக்கொண்டார். அதற்கான செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கணக்கும் எழுதி வைத்தார். அங்கே இரண்டு ஆண்டு, இரண்டு மாதம், இரண்டு நாள் வாழ்ந்தார். அந்த வாழ்க்கையைப் பற்றிய வால்டன் என்ற நூல் 1854இல் வெளிவந்தது.

இந்நூலுக்கும் இந்தியாவுக்கும் தொடர்பு உண்டு. ஏரிக்கரையில் தோரோ பகவத் கீதை படித்தார். குளிர்காலத்தில் உறைந்த ஏரியிலிருந்து பனிக்கட்டியை வெட்டி எடுக்க ஆட்கள் வந்தபோது, கல்கத்தா, பம்பாய் மக்களோடு மெட்ராஸ் மக்களும் தம் ஏரியின் நீரைப் பருகுவார்கள் என்று எண்ணிப் பார்த்து எழுதினார். இது வெறும் கற்பனையன்று. அமெரிக்கப் பனிக்கட்டி வணிகர் ஃபிரெடரிக் டியூடர் கப்பலில் அனுப்பிய பனிக்கட்டியைச் சேமிப்பதற்காக 1842இல் சென்னைக் கடற்கரையில் கட்டப்பட்டதே ஐஸ் ஹவுஸ். பின்னாளில் விவேகானந்தர் தங்கியதால் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்குவது அதே கட்டடம்தான்.

தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பேராசிரியரும் ஆட்ட வடிவமைப்பாளருமான ட்ரேசி ஃபுல்லர்டன், தம் குழுவினருடன் ஏறக்குறைய பத்தாண்டுகள் உழைத்து இந்நூலை ஓர் ஆட்டமாக்கினார். அமெரிக்க அரசின் கலை நிதியமும் இதற்கு உதவியது. வால்டன், எ கேம் என்ற அந்த ஆட்டம், தோரோ குடியேறிய அதே ஜூலை 4 அன்று, 2017இல் வெளியானது. அதன் விலை 18 டாலர் 45 சென்ட் என வைக்கப்பட்டது, அந்த ஆண்டை நினைவூட்டுவதற்காக.

ஆடுபவர் தோரோவின் கண்களால் உலகைப் பார்க்கிறார். உணவு, விறகு, உறைவிடம், உடை என்ற நான்கு தேவைகளைக் கவனிக்க வேண்டும். அவரைக்குக் களை வெட்டலாம், மீன் பிடிக்கலாம், காட்டுப் பழம் பறிக்கலாம், விறகு பிளக்கலாம், கிழிந்த உடையைத் தைக்கலாம். இவற்றைப் புறக்கணித்தால் உடல் சோர்ந்து மயக்கம் வரும். இதுவரை சொன்னதெல்லாம் பிழைத்திருத்தல் வகையைச் சேர்ந்த எந்த ஆட்டத்திலும் காணப்படுவதே. வேறுபாடு ஐந்தாவது தேவையில் உள்ளது. அகத்தூண்டல் என்று அதைச் சொல்லலாம்.

தனிமையில் இருத்தல், படித்தல், தொலைவிலிருந்து வரும் ஓசைகளைக் கேட்டல், வருவோருடன் உரையாடுதல் ஆகியவற்றால் அது வளரும். ஆடுபவர் மேலும் மேலும் விறகு சேர்ப்பதிலும் குடிசையைச் சீராக்குவதிலும் காசு தேடுவதிலும் நாளைக் கழித்தால் அது குறைந்துகொண்டே போகும். குறையக் குறைய, காட்டின் நிறங்கள் மங்கும், இசை மெலியும். எச்சரிக்கை மணி எதுவும் ஒலிப்பதில்லை. உலகம் வெளிறிவிடுகிறது, அவ்வளவுதான். மற்ற ஆட்டங்களில் சேர்த்துக் குவிப்பதே வெற்றிக்கு வழி என்று பழகியவர், இங்கே அதே பழக்கத்தால் காட்டை இழக்கிறார். போதும் என்று எங்கே நிறுத்துவது என்பதை ஆட்டம் சொல்லித் தருவதில்லை. ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். தோரோவின் நூல் முழுவதும் பேசும் பொருளாதாரக் கேள்வியும் அதுவே.

காட்டில் அங்கங்கே கிடக்கும் அம்பு முனைகளை எடுக்கும்போது தோரோவின் எழுத்தின் சிறு பகுதிகள் தோன்றுகின்றன. நூலைப் போலவே ஆட்டமும் ஒரே ஆண்டுக்குள் எல்லாவற்றையும் அடக்குகிறது. முழுமையாக ஆட ஏறக்குறைய ஆறு மணி நேரம் ஆகும். ஆசிரியர்களுக்கான பாடக் குறிப்புகளும் இதற்காக உருவாக்கப்பட்டுள்ளன.

கணினித் திரையின் முன் அமர்ந்து காட்டு வாழ்வை அறிவதா என்று கேட்பது நியாயமே. ஆனால் தோரோவின் தனிமையும் முழுத் துறவன்று. ஊர் நடக்கும் தூரத்தில் இருந்தது. அவர் அடிக்கடி அங்கே சென்றுவந்தார். குடிசைக்கு அருகே ரயில் ஓடியது. 1842இல் தமையன் ஜான் இறந்த துயரமும் அவரோடு இருந்தது. வால்டனில் அவர் எழுதிய முதல் நூல், அத்தமையனோடு முன்பு சென்ற படகுப் பயணத்தைப் பற்றியது. ஆட்டத்திலும் ஊரும் ரயிலும் உள்ளன. விலகி இருப்பதற்கும் ஒளிந்துகொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை, ஊருக்கும் குடிசைக்கும் இடையில் நடந்து நடந்து ஆடுபவர் உணர்கிறார்.

ஜர்னி: பெயர் தெரியாத துணை

அமெரிக்காவின் தட்கேம்கம்பெனி நிறுவனம் உருவாக்கிய ஜர்னி, 2012 மார்ச் 13 அன்று பிளேஸ்டேஷன் 3 கருவிக்காக வெளியானது. இதை வடிவமைத்த ஜெனோவா சென், ஷாங்காயில் பிறந்தவர். காற்றில் மலரிதழ்களைப் பறக்கவிடும் ஃபிளவர் என்ற ஆட்டத்தை 2009இல் அளித்ததும் இதே நிறுவனம்தான். ஜர்னியை ஓராண்டில் முடிக்கத் திட்டமிட்டனர். மூன்று ஆண்டுகள் ஆயின. முடிவில் நிறுவனத்தின் கையிருப்பே தீர்ந்துவிட்டது.

சிவந்த அங்கி அணிந்த ஓர் உருவம் மணல்மேட்டில் நிற்கிறது. தொலைவில் உச்சி பிளந்து ஒளிவிடும் ஒரு மலை. யார் அந்த உருவம், ஏன் போகிறது என்று சொல்ல ஓர் எழுத்துகூடத் திரையில் வருவதில்லை. மலையை நோக்கி நடக்க வேண்டும் என்பது பார்த்த உடனே விளங்கிவிடுகிறது. மணல், இடிபாடுகள், இருண்ட பாதாளம், பனிமலை எனப் பாதை செல்கிறது. இரண்டு மணி நேரத்தில் ஆட்டம் முடிந்துவிடும். ஆஸ்டின் வின்டரி அமைத்த இதன் இசை, கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது; ஒரு நிகழ்பட ஆட்டத்தின் இசைக்கு அப்பிரிவில் கிடைத்த முதல் பரிந்துரை அது.

வழியில் இன்னோர் உருவம் எதிர்ப்படலாம். உலகின் எங்கோ ஒரு மூலையில் அதே நேரத்தில் ஆடிக்கொண்டிருக்கும் மற்றொரு மனிதர் அவர். அவருடைய பெயர், நாடு, வயது எதுவும் தெரியாது. அவரோடு பேச முடியாது, எழுத முடியாது. ஒரு பொத்தானை அழுத்தினால் மணியோசை போன்ற ஒரு சுருதி எழும். அவ்வளவே மொழி. சேர்ந்து நடக்கலாம், பிரிந்தும் போகலாம். இருவரும் நெருங்கி நின்றால் அங்கியோடு இணைந்த துகில் ஒளி பெற்று, பறக்கும் ஆற்றல் மீளும்.

இந்த எளிமை எளிதில் வந்ததன்று. தொடக்ககால மாதிரிகளில் ஆடுபவர்கள் ஒருவரையொருவர் தள்ள முடிந்தது. ஒருவருக்கொருவர் உதவுவார்கள் என்று எதிர்பார்த்து வைத்த அந்த வசதியைக் கொண்டு, ஆடியவர்கள் துணையைப் பள்ளத்தில் தள்ளிவிட்டு மகிழ்ந்தனர். சென் மனம் நொந்தார். பின்னர் குழந்தை உளவியல் அறிந்த ஒருவரிடம் பேசியபோது அவருக்கு விளக்கம் கிடைத்தது. புதிய உலகில் நுழைபவர் குழந்தையைப் போன்றவர். எதைச் செய்தால் பெரிய விளைவு கிடைக்கிறதோ அதையே திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பார், அதில் நல்லது கெட்டது பார்ப்பதில்லை. சென் மனிதர்களைத் திருத்த முயலவில்லை. தள்ளும் வசதியை எடுத்துவிட்டார். ஓர் உருவம் மற்றதன் மேல் மோதாமல் ஊடுருவிச் செல்லும்படி ஆயிற்று. அருகில் வந்தால் ஒளி கிடைக்கும் என்ற விதி மட்டும் நின்றது. அதே வகை மனிதர்கள் இப்போது துணைக்காகக் காத்து நின்றார்கள். வகுப்பறையில் நாற்காலிகளைப் போடும் முறையை மாற்றினாலே பிள்ளைகளின் நடத்தை மாறுவதைக் கண்ட எந்த ஆசிரியருக்கும் இது எளிதில் விளங்கும். அந்த உருவங்களுக்குக் கைகளே வரையப்படவில்லை என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

இறுதிப் பனிமலைப் பகுதியில் ஆட்டம், அதுவரை கொடுத்ததையெல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறது. பறக்க உதவிய துகில் உறைந்துபோகிறது. நடை தளர்கிறது. பொத்தானை எவ்வளவு அழுத்தினாலும் வேகம் கூடுவதில்லை, சுருதியும் அடங்குகிறது. கடைசியில் உருவம் பனியில் விழுந்து, திரை வெளுத்துப் போகிறது. அதன் பின் நிகழ்வதைச் சிலர் முக்தி என்கிறார்கள், சிலர் கனவு என்கிறார்கள். முடிவில் ஓர் ஒளி மலையுச்சியிலிருந்து கிளம்பி, பயணம் தொடங்கிய அதே மணல்மேட்டுக்குத் திரும்புகிறது. மறுபிறவிக் கொள்கையை அறிந்தவர் அதில் தம் மரபைக் காண்பார். அறியாதவருக்கும் அது வெறும் வட்டமாகத் தோன்றுவதில்லை.

2013இல் ஒரு பொது மேடையில், பதினைந்து வயதுப் பெண் ஒருத்தி எழுதிய கடிதத்தைச் சென் வாசித்தார். புற்றுநோயால் தந்தை இறப்பதற்கு முன், அவரோடு சேர்ந்து இந்த ஆட்டத்தை ஆடியதாகவும், தந்தை போன பின் அதைத் திறக்கும்போதே அழுகை வந்துவிட்டதாகவும், ஆனாலும் அந்த ஆட்டமே தனக்கு ஆறுதலாக நின்றதாகவும் அவள் எழுதியிருந்தாள். ஆட்டத்தில் இறப்பு என்ற சொல் ஓரிடத்திலும் வருவதில்லை.

தட் டிராகன், கேன்சர்: வெல்ல முடியாத ஆட்டம்

மேற்கண்ட இரண்டு ஆட்டங்களும் அழகானவை. இந்த ஆட்டத்தை அப்படிச் சொல்ல முடியாது. ஆடி முடிப்பதே கடினம். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தைச் சேர்ந்த ரையன் கிரீன், எமி கிரீன் தம்பதியரின் மகன் ஜோயல் 2009 ஜனவரி 12 அன்று பிறந்தான். ஏறக்குறைய ஒரு வயதில் அவனுக்கு அரிய வகை மூளைப் புற்றுநோய் இருப்பது தெரியவந்தது. சில மாதங்களே வாழ்வான் என்று கருதப்பட்டவன் மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்து, 2014 மார்ச் 13 அன்று ஐந்து வயதில் இறந்தான். மகன் உயிரோடிருந்தபோதே, நிரலாளரான ரையனும் வடிவமைப்பாளர் ஜோஷ் லார்சனும் இந்த ஆட்டத்தைத் தொடங்கிவிட்டனர். குழந்தை பிழைப்பானா என்பது தெரியாமலே அது எழுதப்பட்டது. அவன் இறந்த பிறகு பெரும்பகுதி மாற்றி அமைக்கப்பட்டு, அவனுடைய பிறந்தநாளில், 2016 ஜனவரி 12 அன்று வெளியானது.

ஆட்டத்தின் கரு ஒரே இரவில் கிடைத்தது. மருத்துவமனையில் ஜோயல் நீர்ச்சத்து இழந்து, குடிக்கவும் முடியாமல், இடைவிடாது அழுதுகொண்டிருந்தான். தந்தை எது செய்தும் அழுகை நிற்கவில்லை. அந்த அறை அப்படியே ஆட்டத்தில் உள்ளது. ஆடுபவர் அறைக்குள் எங்கும் திரும்பலாம், குழந்தையைத் தூக்கலாம், ஆட்டலாம், குடிக்கக் கொடுக்கலாம். எதைச் செய்தாலும் அழுகை கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. நிகழ்பட ஆட்டம் ஆடிப் பழகிய எவருக்கும், சரியான பொத்தான் எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை இருக்கும். இங்கே அது இல்லை. தேடிக் களைத்த பின், தந்தை பிரார்த்திக்கத் தொடங்குகிறார். அதன் பிறகே அமைதி வருகிறது. பிரார்த்தனைதான் அந்தச் சரியான பொத்தான் என்று ஆட்டம் சொல்வதில்லை. ஆடுபவருக்குச் செய்வதற்கு ஒன்றும் மிஞ்சாத இடத்தில் அது வருகிறது.

கிரீன் குடும்பத்தினர் கிறித்தவ நம்பிக்கை உடையவர்கள். ஆனால் இருவருடைய நம்பிக்கையும் ஒரே அளவில் இருக்கவில்லை என்பதை ஆட்டம் மறைக்கவில்லை. ஒரு காட்சியில் ரையன் கடலின் ஆழத்தில் மூழ்கிக்கொண்டிருக்க, எமி மேலே படகில் இருக்கிறார். மகன் குணமாவான் என்று எமி உறுதியாக நம்பினார். ரையனால் அவ்வளவு நம்ப முடியவில்லை. கணவன் மனைவிக்கிடையே துயரம் ஏற்படுத்தும் இடைவெளியை அதைவிடச் சுருக்கமாகக் காட்டுவது அரிது. வேறோர் இடத்தில், ஜோயலின் அண்ணன்மார்களுக்குப் பெற்றோர் சொல்லும் உறக்கக் கதை, குட்டி வீரன் ஒருவன் டிராகனை எதிர்க்கும் பழைய பாணி ஆட்டமாகவே விரிகிறது. அதில் ஆடுபவர் எவ்வளவு திறமைசாலியானாலும் டிராகனை வெல்ல முடியாது.

மருத்துவமனைத் தாழ்வாரம் முழுவதும் வாழ்த்து அட்டைகள் வைக்கப்பட்டுள்ள ஒரு பகுதி உண்டு. ஒவ்வோர் அட்டையையும் எடுத்துப் படிக்கலாம். அவை கற்பனை எழுத்துகள் அல்ல. ஆட்டத்தின் உருவாக்கத்துக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது, புற்றுநோயால் தம்மவரை இழந்தவர்கள் எழுதி அனுப்பியவை. அவற்றைப் படிக்க ஆட்டம் வற்புறுத்துவதில்லை. படிப்பதால் எந்தப் புள்ளியும் கிடைக்காது. கடந்து போய்விடவும் செய்யலாம். ஒருவர் அங்கே எவ்வளவு நேரம் நின்றார் என்பது அவருக்கு மட்டுமே தெரியும்.

ஒரு கசப்பான உண்மையும் உண்டு. பிறர் ஆடி இணையத்தில் ஏற்றிய காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்த்தனர். வாங்கி ஆடியவர்கள் அவர்களை ஒப்பிடக் குறைவு. வெளியாகிச் சில வாரங்களில், விற்பனையிலிருந்து தமக்கு இன்னும் வருவாய் வரவில்லை என்று ரையன் எழுதினார். பார்த்தவர்களும் அழுதார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் அழும் குழந்தையைத் தூக்கியது அவர்கள் கை அல்ல.

வெற்று நிலமும் நடையும்

ஜப்பானைச் சேர்ந்த ஃபுமிட்டோ உவேடா வடிவமைத்த ஷேடோ ஆஃப் தி கொலோசஸ் 2005இல் வெளிவந்தது. இதில் மொத்தம் பதினாறு பேருருவங்களே எதிரிகள். வழியில் சிறு எதிரிகள் எவரும் இல்லை. ஒன்றிலிருந்து அடுத்ததைத் தேடி, ஆளரவமற்ற பரந்த நிலத்தில் குதிரையேறி நெடுநேரம் செல்ல வேண்டும். அந்த நேரத்தில், சற்றுமுன் வீழ்த்தியது யாருக்கு என்ன தீங்கு செய்தது என்ற கேள்வி எழாமல் இருக்காது. பேருருவம் சாயும்போது ஒலிக்கும் இசையில் வெற்றிக் களிப்பு இல்லை.

ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவு ஒன்றில் நடப்பதையே ஆட்டமாகக் கொண்ட டியர் எஸ்தர் 2012இல் விற்பனைக்கு வந்தபோது, இவ்வகையை நடை ஆட்டம் என்று பலர் கேலி செய்தனர். கேலிப் பெயரே பின்னர் வகைப் பெயராக நிலைத்துவிட்டது. டேவிட் ஓரெய்லியின் எவ்ரிதிங் (2017) ஆட்டத்தில் ஆடுபவர் கரடியாகவும், புல்லாகவும், அணுவாகவும், விண்மீன் மண்டலமாகவும் மாறலாம். இடையிடையே கீழைத் தத்துவங்களை மேற்குலகுக்கு விளக்கிய ஆலன் வாட்ஸின் பழைய சொற்பொழிவுப் பதிவுகள் ஒலிக்கும். சொற்பொழிவு இல்லாமலே அது விளங்கியிருக்கும் என்று தோன்றுகிறது.

தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் வெண்பா, கனடாவின் டொராண்டோவைச் சேர்ந்த விசை கேம்ஸ் நிறுவனத்தால் 2023இல் வெளியிடப்பட்டது. 1980களில் கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா என்ற பெண், தன் தாயின் சமையல் குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்கிறாள். ஏடு கறைபட்டும் கிழிந்தும் கிடப்பதால் விடுபட்ட வரிகளை ஆடுபவரே ஊகிக்க வேண்டும். இட்லித் தட்டுகளை எப்படி அடுக்கினால் எல்லாவற்றுக்கும் ஆவி போகும் என்பதே ஒரு புதிர். ஆன்மிக ஆட்டம் என்று இதை யாரும் அழைப்பதில்லை. ஆயினும் வளர்ந்த மகன் கவின், தாய் அருகில் இல்லாத சமையலறையில், சரியாகப் படிக்கத் தெரியாத தமிழ் எழுத்துகளோடு தனியே போராடும் பகுதி இக்கட்டுரையின் பொருளுக்கு மிக நெருக்கமானது. ஒன்றரை மணி நேரத்துக்குள் முடியும் இந்த ஆட்டம் 2024இல் சிறந்த அறிமுக ஆட்டத்துக்கான பாஃப்டா விருது பெற்றது.

ஐயங்கள்

உலக நலவாழ்வு நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பில் நிகழ்பட ஆட்டக் கோளாறு என்பதைச் சேர்த்துள்ளது. 2019இல் ஏற்கப்பட்ட இப்பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. ஆட்டத்தின் மீது கட்டுப்பாட்டை இழத்தல், மற்ற எல்லாவற்றையும்விட ஆட்டத்துக்கே முதலிடம் தருதல், தீங்கு நேர்ந்தும் தொடர்தல் ஆகியவை இதன் அடையாளங்கள். பொதுவாக ஓராண்டுக் காலமாவது இந்நிலை நீடித்தால்தான் கோளாறு எனக் கொள்ளப்படும். பெற்றோரின் அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

கைபேசி ஆட்டங்கள் பல, தினமும் வராவிட்டால் பரிசு போகும், நண்பன் முந்திவிட்டான், இன்னும் பத்து நிமிடத்தில் சலுகை முடிகிறது என்று மணியடித்துக்கொண்டே இருப்பவை. அவற்றை ஆடும் பிள்ளை தனியறையில் இருந்தாலும் தனிமையில் இல்லை. இங்கே சொல்லப்பட்ட ஆட்டங்கள் அந்த வழியில் செல்லவில்லை. ஜர்னி இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஆடுபவரை நாளை வா என்று அழைப்பதில்லை. ஆனால் கதவருகே நின்று பார்க்கும் தாய்க்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்: குனிந்த தலை, கையில் கருவி, கூப்பிட்டால் உடனே வராத பதில். என்ன ஆடுகிறாய் என்று கேட்டு, பக்கத்தில் அரை மணி நேரம் அமர்ந்து பார்த்தால்தான் வேறுபாடு தெரியும். அதற்கு வீட்டில் நேரம் இருப்பதில்லை என்பது தனிச் சிக்கல்.

திரையில் கிடைக்கும் அமைதி, ஒரு நிறுவனம் திட்டமிட்டு விற்பது. அது எப்படி உண்மையான தியானமாகும் என்ற கேள்வியும் எழுகிறது. ஜர்னியின் மலை யாரோ வரைந்த மலைதான். வேறு வழியில் செல்ல முயன்றால் எதிர்க்காற்று வந்து உருவத்தைத் திருப்பித் தள்ளிவிடும். சமயத்துக்கும் நிகழ்பட ஆட்டத்துக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அறிஞர்களிடையே இது குறித்து ஒருமித்த கருத்து இல்லை. ரேச்சல் வாக்னர் 2012இல் எழுதிய காட்வயர்டு என்ற நூலும், ஹெய்டி காம்ப்பெல், கிரெகரி பிரைஸ் கிரீவ் ஆகியோர் தொகுத்து 2014இல் வெளிவந்த கட்டுரைத் தொகுதியும் இத்துறையில் அடிக்கடி குறிப்பிடப்படுபவை.

ஜர்னி முடிந்து திரை இருண்ட பின், வழியில் துணை வந்தவர்களின் பயனர் பெயர்கள் முதன்முறையாகக் காட்டப்படுகின்றன. பனியில் கடைசிவரை உடன் நடந்தது ஒருவரே என்று எண்ணியிருந்தவர், அங்கே மூன்று பெயர்களைக் காண்பதுண்டு.